சாரணர் பொறுப்பு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நடக்கிற முதல் ஆசிரியர் கூட்டத்தில், குமரி மாவட்டத்துப் பல பள்ளிகளில் தவறாமல் எழுகிற கேள்வி ஒன்று உண்டு: "சாரணர் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?" உடற்கல்வி ஆசிரியருக்கு விளையாட்டுப் போட்டிகள் இருக்கும். மூத்தவர்கள் பத்தாம் வகுப்பைக் காட்டி நழுவிவிடுவார்கள். கடைசியில், அந்த ஆண்டு புதிதாக வந்து சேர்ந்தவர் தலையில் அது விழும். ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்குப் பிள்ளைகளைச் சீருடையில் நிறுத்தினால் போதும் என்று அவருக்கு ஆறுதலும் சொல்லப்படும்.

அந்தக் கேள்விக்கு ஜூனில் விடை தேடுவதுதான் பிழை. ஒரு சாரண ஆசிரியர் உருவாகப் பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். 2040இல் உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டியவர் இப்போது ஆறாம் வகுப்பில், எட்டுப் பேர் கொண்ட ஓர் அணியில் கடைசி ஆளாக நிற்கிறார். அவரை நாம் எந்த வயதில், எப்படித் தவறவிடுகிறோம் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

பெயர் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: பாரத சாரண சாரணியர் அமைப்பு 1950 நவம்பர் 7 அன்று, அதுவரை தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் இணைந்து உருவானது. பெண்களின் அமைப்பு 1951 ஆகஸ்ட் 15 அன்று அதில் சேர்ந்தது. அப்போது நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. சென்னை மாநிலத்துக்கு வந்தது 1956 நவம்பர் 1இல்தான். தொடக்கப் பள்ளி வயதில் குருளையரும் (சிறுவர்) நீலப்பறவையரும் (சிறுமியர்), பத்து வயதுக்கு மேல் சாரணரும் சாரணியரும், பதின்பருவத்தின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 25 வயது வரை திரிசாரணரும் திரிசாரணியரும். அதற்கு மேல் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். இந்த நான்கு நிலைகளும் ஒரே ஏணியின் படிகள். நம் மாவட்டத்தில் இரண்டாவது படி மட்டும் நன்றாக மிதிபட்டுத் தேய்ந்திருக்கிறது.

குருளையரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதை, விளையாட்டு, ஆறாறு பேராகப் பிரிந்து நிற்பது, தன் செருப்பைத் தானே வரிசையில் வைப்பது, தன் தட்டைத் தானே கழுவுவது ஆகியவை போதும். அந்த வயதில் முடிச்சுத் தேர்வும் அணிவகுப்பும் வைத்தால் பத்து வயதிலேயே சலித்துவிடும். படை என்று சொல்லும் ஒரு குழுவில் 24 பேருக்கு மேல் சேர்க்கவும் கூடாது.

சாரணர் வயதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அங்கே ஒரே ஒரு விஷயம் சரியாக இருந்தால் மற்றவை தாமே சரியாகும். அதுதான் அணி முறை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோதே இருபது சொச்சம் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பையனிடம் ஒப்படைத்தார். இன்றும் விதி அதுவே: ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு படைக்கு அதிகபட்சம் 32 பேர். அணித் தலைவருக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும். தலைவர் தன் அணிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நடப்பது என்ன? 32 பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஆசிரியர் முன்னால் நின்று முடிச்சுப் போட்டுக் காட்டுகிறார். மூன்றாம் வரிசைக்கு அவர் கை தெரியாது. தெரிகிறவர்களுக்கும் இடவலம் மாறித் தெரியும், அவர் எதிரே நிற்பதால். முடிச்சு கற்றுத்தருகிறவர் கற்பவரின் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டும். எட்டுப் பேருக்கு ஓர் அணித் தலைவரால் அது முடியும். 32 பேருக்கு எந்த ஆசிரியராலும் முடியாது. பத்துப் பேருக்கு ஒரு கயிறு என்பதும் வீண் வேலை. ஆளுக்கு ஒன்று வேண்டும்: 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன், மூன்று மீட்டர் நீளம், பருத்திக் கயிறு. நைலான் மலிவு என்று வாங்கிவிட்டு, ரீஃப் முடிச்சு நிற்கவில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறோம். நைலானில் ரீஃப் வழுக்கத்தான் செய்யும். நைலான் நுனியை உருக்கி அடைக்கும்போது உருகிய சொட்டு விரலில் ஒட்டிச் சுடும். அதைச் சிறுவர்களிடம் விடக்கூடாது. பருத்தி நுனியை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். சுற்றின் அகலம் கயிற்றின் தடிமனைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் பிரியாது.

முடிச்சு எதற்கு என்று தெரியாமல் போடுவதும் ஒரு கேடு. ரீஃப் முடிச்சு கட்டுத்துணிக்கும் பொட்டலத்துக்கும் உரியது. ஆளைத் தாங்குகிற இரண்டு கயிறுகளை அதனால் இணைப்பது ஆபத்து. தடிமன் வேறுபட்ட கயிறுகளுக்கு ஷீட் பெண்ட். அதைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம்: குளச்சலிலோ முட்டத்திலோ வலை பொத்துகிற ஒருவரின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருப்பது அதே முடிச்சுதான். மாட்டைத் தறியில் கட்டும் முடிச்சு பெரும்பாலும் க்ளோவ் ஹிட்ச். வழவழப்பான மூங்கிலிலும் கமுகிலும் அது நழுவும்; நுனியை ஒரு அரைமுடிச்சால் பூட்ட வேண்டும். கிணற்றில் விழுந்தவருக்கு இறக்கும் கயிற்றில் போலைன், ஏனென்றால் எவ்வளவு பாரம் வந்தாலும் அந்த வளையம் இறுகாது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் பாதி வீட்டிலேயே தெரியும். பேட்ஜ் தேர்வில் அவர்களை முதலில் கற்பவர்களாக அல்ல, கற்பிப்பவர்களாக நிறுத்திப் பாருங்கள்.

கட்டுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கம்பு குறுக்கே சந்திக்கும் சதுரக் கட்டுக்கு, இரு கம்புகளின் விட்டத்தையும் கூட்டி, ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் 90 சென்டிமீட்டர் கயிறு. ஏழு சென்டிமீட்டர் சவுக்குக் கம்பு இரண்டுக்கு ஐந்து மீட்டர் ஆகும். நிற்கிற கம்பில், குறுக்குக் கம்புக்குக் கீழே க்ளோவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, மூன்று சுற்று. பிறகு கம்புகளுக்கு நடுவே இரண்டு சுற்று இறுக்கி, குறுக்குக் கம்பில் முடிப்பது. கட்டு தளர்வதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம், அந்த நடுச் சுற்றை ஒவ்வொரு முறையும் இழுத்து இறுக்காததே. நம் ஊர்த் தும்புக் கயிறு மலிவாகக் கிடைக்கும். உப்புத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் பாரம் ஏறினால் நீளும். தும்புக் கயிற்றால் கட்டிய கண்காணிப்புக் கோபுரத்தில் மறுநாள் காலை எல்லாக் கட்டையும் மீண்டும் இறுக்கிய பிறகே ஆளை ஏற்ற வேண்டும். கூடாரத்துக்குப் பருத்திக் கயிறு என்றால் நேர்மாறு: நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும், மழைக்கு முன் சற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

திசை காண்பது எங்களுக்குத் தீராத வருத்தம் தரும் பாடம். குளிர் நாட்டில் எழுதிய முறைகளை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கை அறியலாம் என்கிறது புத்தகம். ஓர் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். நமக்கு எட்டுப் பாகை. கையை நீட்டி முட்டி மடக்கினால் மறைகிற அளவு பத்துப் பாகை. அதாவது ஒரு முட்டிக்கும் குறைவான உயரம். வடக்கே மகேந்திரகிரியும் மற்ற மலைகளும், முன்னால் தென்னந்தோப்பு, மேலே பனிமூட்டம். எந்தப் பிள்ளை அதைக் கண்டது?

கைக்கடிகாரத்தின் சிறுமுள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்ற முறையும் இங்கே செல்லாது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். இடையிலுள்ள நாலரை மாதமும் நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் கடிகாரத்தை நம்பினால் தெற்கென்று நினைத்து வடக்கே நடப்பார்கள். போதாததற்கு, நாகர்கோவிலின் உச்சிவேளை சராசரியாகப் பகல் 12.20. பிப்ரவரி நடுவில் 12.34 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 12.04க்கே வந்துவிடும்.

இதற்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. மனை கோலுவதற்குத் தச்சர்கள் சங்கு என்னும் நிழற்குச்சியை நாட்டித் திசை கண்டார்கள். ஒரு முழ உயரக் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். ஒன்பதரை மணியளவில் நிழலின் நுனி தொடுமாறு குச்சியை மையமாக வைத்து வட்டம் போட்டு, தொட்ட இடத்தைக் குறியுங்கள். நிழல் சுருங்கி, மதியத்துக்குப் பின் நீண்டு, மூன்று மணி சுமாருக்கு மீண்டும் வட்டத்தைத் தொடும். அங்கே இரண்டாம் குறி. முதல் குறி மேற்கு, இரண்டாவது கிழக்கு, இணைக்கும் கோடு மிகச் சரியான கிழமேல் கோடு. எந்த மாதத்திலும் தவறாது. குச்சி சாய்ந்திருந்தால் மட்டும் தவறும், ஆகவே நூலில் கல் கட்டித் தூக்குப் பார்க்க வேண்டும். முகாமின் முதல் நாளிலேயே ஒவ்வோர் அணியும் தன் அடுப்பங்கரை அருகே இதைச் செய்துவிடலாம்.

இரவுக்கு ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்று விண்மீன்கள். மூன்றில் முதலில் உதிப்பது ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் விழும். டிசம்பர் முதல் மார்ச் வரை, அதாவது முகாம் மாதங்கள் முழுக்க, அது கிடைக்கும். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே கடலுக்கு மேல் இரண்டு முட்டி உயரத்தில் திரிசங்கு, அந்தச் சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம், நிமிர்ந்து நிற்கும்; அதன் அடியிலேயே தெற்கு. குளிர் நாட்டுச் சாரணனுக்கு வாய்க்காத காட்சி அது.

வரைபடப் பாடத்தில் இன்னொரு செல்வம். நம் கட்டுமரக்காரர்கள் கடலுக்குள் ஒரு பாரை, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டைக் கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்பார்கள்: கரையிலுள்ள கோபுரத்தை அதன் பின்னாலுள்ள ஒரு மலைமுகட்டோடு நேர்படுத்தி ஒரு கோடு, வேறு பக்கம் இன்னோர் இணையை நேர்படுத்தி இன்னொரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார். திசைகாட்டி வைத்துப் பேட்ஜுக்குச் செய்கிற 'தன் இடம் காணல்' வேறென்ன? ஒரு முதியவரை அழைத்து வந்து பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் இல்லாமல் போகலாம்.

முகாமைப் பற்றி. பள்ளி வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிப் படுத்து, வெளியே ஆள் வைத்துச் சமைத்த பிரியாணியைத் தின்றுவிட்டு மூன்று நாளை முகாம் என்று கணக்கெழுதுவது பெருகிவிட்டது. மழைக்குப் பயந்து அப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உண்மைதான். ஆனால் டிசம்பர் கடைசி வாரமும் பொங்கல் விடுமுறையும் இருக்கின்றனவே.

எட்டுப் பேர் அணிக்குக் காலைக் கஞ்சி என்றால் சம்பா அரிசி ஒரு கிலோ, சிறுபயறு 400 கிராம், ஒரு தேங்காய், ஏழெட்டு லிட்டர் தண்ணீர். மாலைக்கு மரச்சீனிக் கிழங்கு மூன்று கிலோ, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. அடுப்புக்கு மூன்று கல் போதும். காற்று பலமாக இருந்தால் காற்றுவாக்கில் 90 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 ஆழத்தில் குழி. பற்றவைக்கச் சில்லாட்டை (தென்னை மட்டையடி வலைநார்), பிடிக்கக் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சிரட்டையும், நின்று எரியப் புளி விறகு. கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையைப் போட்டால் புகைதான் மிஞ்சும். பச்சை ரப்பர் விறகும் அப்படியே. பாத்திரத்தின் அடியில் சேற்றைப் பூசி ஏற்றினால் கரி எளிதாகப் போகும். இதைச் சொல்லிக்கொடுக்காத முகாமில் இரண்டாம் நாள் யாரும் பாத்திரம் தேய்க்க முன்வர மாட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் முகாம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்க்கும். தரை முழுக்க உலர்ந்த சருகு. அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டருக்கு மண் தெரியப் பெருக்காமல் தீக்குச்சியைத் தொடக்கூடாது, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இல்லாமலும்.

கடலோர மணலில் சாதாரண முளை நிற்காது. முழங்கை நீள மட்டைத்துண்டையோ மணல் நிரப்பிய சாக்கையோ கயிற்றின் நடுவில் கட்டி, 45 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடையாகப் புதைத்து மணலை மிதித்து இறுக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், தோவாளை வட்டாரத்தில், மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகத்தில் வரும். கூடாரத்தின் வாசல் மேற்கே இருந்தால் கூடாரம் பாய்மரமாகிவிடும்.

தண்ணீர் கொதிக்கவைத்தது மட்டுமே. தொட்டித் தண்ணீர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பொட்டலம் பழையதாகி மணம் போயிருந்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை. கழிப்புக் குழி 30 சென்டிமீட்டர் அகலம், கிணற்றுக்கு 15 மீட்டருக்கு அப்பால். கடற்கரையில் இரண்டடியிலேயே ஊற்று வந்துவிடும் என்பதால் அங்கே குழி வெட்டாதீர்கள்; கட்டிய கழிப்பறை உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதலுதவியில், சாரணர் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபையே எடுத்துக்கொள்வோம். கடைகளில் வரும் பளபளப்பான சிந்தெடிக் துணி கைக்குத் தூளி கட்டினால் வழுக்கும். பருத்தியில் 80 சென்டிமீட்டர் சதுரத் துணியை மூலைவாட்டில் வெட்டினால் இரண்டு ஸ்கார்ஃப். அடிப்பக்கம் 113 சென்டிமீட்டர் வரும், சிறுவர்களின் கைக்குப் போதும். பெரியவர்களுக்கு ஒரு மீட்டர் சதுரத்திலிருந்து வெட்டிய கட்டுத்துணி இரண்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். பாம்புக் கடிக்குக் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள், கடிபட்ட உறுப்பை அசையாமல் வை, 108ஐ அழை. மருத்துவமனையில் தரும் விஷமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கானது. நம் மலையோர ரப்பர் தோட்டங்களில் இருக்கும் குழிவிரியனுக்கு அது கேட்காது. ஆகவே அங்கே மாலை ஆறு மணிக்குமேல் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் நடக்கவிடாததுதான் முதலுதவி.

கடலில் ஒருவர் தத்தளித்தால் குதிக்காதே என்பதையே முதலில் பழக்க வேண்டும். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, 20 மீட்டர் கயிற்றில் கட்டி எறியப் பழகுங்கள். முற்றிலும் காலியான கேன் காற்றில் திரும்பி வரும், அந்த ஒரு டம்ளர் கனம் அதற்குத்தான். எறிவது ஆளின் மேல் அல்ல, அவர் தலையைத் தாண்டி. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கடற்கரை நிகழ்ச்சியே வேண்டாம். காற்றும் மழையும் இல்லாமல் கடல் உள்ளே ஏறும் என்பதால் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஐயும் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கியையும் கண்ட மாவட்டம் இது.

இத்தனையும் ஒழுங்காகக் கற்ற ஒரு பையனோ பெண்ணோ பதினைந்து வயதில் என்ன ஆகிறார்கள்? இங்கேதான் கயிறு அறுகிறது.

பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் நிறுத்துகிறார்கள். ஒரு வருடம் போகட்டும் என்று நாமும் விடுகிறோம். பதினொன்றில் பெரும்பாலும் பள்ளி மாறுகிறது, அங்கே என்.எஸ்.எஸ்., என்.சி.சி. இருக்கும், திரிசாரணர் குழு இருக்காது. மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் சான்றிதழ் கோப்பில் போய்விடும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டு என்று கேள்விப்பட்டவர்கள் மட்டும் ராஷ்டிரபதி விருது வரை வருவார்கள். சான்றிதழ் ஆசையை நாங்கள் குறை சொல்லவில்லை. அது ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும். ஆனால் சான்றிதழுக்காக ஆறு மாதத்தில் மூன்று ஆண்டு நாட்குறிப்பை எழுதவைக்கிற பயிற்சியாளரை மன்னிக்க முடியாது. படிகளுக்கு இடையே குறைந்தபட்சக் காலம் விதித்திருப்பது, அந்த இடைவெளியில் பிள்ளை அணியை நடத்திப் பழகட்டும் என்பதற்காக. ஆறாம் வகுப்பில் சேர்த்தால் பத்துக்கு முன் நிதானமாக முடியும். எட்டாம் வகுப்பில் சேர்த்தால் ஓட்டம்தான்.

பதினைந்து வயதில் விட்டுப்போகாமல் வைத்திருக்க ஒரே வழி, அவர்களுக்கு உண்மையான வேலை தருவது. சிறுவர்களோடு வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார்கள், நிற்கவும் கூடாது. நம் மாவட்டத்தில் வேலைக்கா பஞ்சம்? மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர், நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா. மூன்றிலும் கூட்டம் அலைமோதும். திரிசாரணர்களுக்கு அங்கே ஏற்ற வேலை, காணாமல்போன குழந்தைகளுக்கான மேசை, தண்ணீர்ப் பந்தல், முதியோருக்குச் சக்கர நாற்காலி, முதலுதவி இடத்துக்கு வழிகாட்டல். இருவர் இருவராக, இரண்டு மணி நேர முறை. மூன்றாவது முறைக்கு அதே ஆளைப் போட்டால் எரிந்துவிழத் தொடங்குவார். குழந்தை மேசையில் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். ஒப்படைக்கும் முன் குழந்தையின் சட்டை நிறம், பெயர், ஊர் மூன்றையும் வந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து அந்தப் பெயரைச் சொல்வார்கள், அதனால் நிறத்தையும் வயதையும் மட்டும் அறிவிக்க வேண்டும். தேர்வடம் பிடிப்பதும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதும் பழகியவர்களின் வேலை. சீருடை போட்டிருப்பதால் பிள்ளைகளை அங்கே தள்ளக்கூடாது.

இன்னொரு வேலை, தன் பழைய படைக்கே மாதம் ஒரு சனிக்கிழமை திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது. திரிசாரணர் குழு இல்லாத மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறவரும் இதைச் செய்ய முடியும். பதினெட்டைத் தாண்டியதும் உதவிச் சாரண ஆசிரியர் ஆகும் ஆள் இப்படித்தான் தயாராவார். அதன்பின் ஒரு வார அடிப்படைப் பயிற்சி, பிறகு மேல்நிலைப் பயிற்சி, பிறகு சாரண ஆசிரியர்களுக்கான உயர்நிலைப் பயிற்சியான ஹிமாலய வுட் பேட்ஜ். கழுத்தில் தொங்கும் அந்த இரண்டு மரமணிகளின் வழக்கம் 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பார்க்கில் தொடங்கியது. பயிற்சிகளுக்கு இடையே தன் படையில் வேலை செய்து காட்ட வேண்டும். மூன்று பயிற்சியையும் முடித்துவிட்டுப் படையே இல்லாமல் மணி மட்டும் அணிகிறவர்கள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் மாறுதலில் போனால் படை செத்துவிடுவது நம் மாவட்டத்தின் தீராத நோய். அதற்கு மருந்து சிக்கனமானது. ஒரு படைக்கு இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவராவது அந்த ஊர்க்காரராக, பள்ளி ஊழியர் அல்லாதவராக இருக்கட்டும். முன்னாள் சாரணர், மீனவர் சங்கத்துக்காரர், தபால்காரர், கல்லூரி மாணவி யாராக இருந்தாலும் சரி. பள்ளி சாராத திறந்த படைகளுக்கு விதியில் இடம் உண்டு. கடற்கரைக் கிராமங்களில் மாலை வேளைகளில் அதுவே பொருந்தும். படையின் பொருள் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, கூட்டக் குறிப்பு, கணக்கு நான்கும் பள்ளி அலுவலக அலமாரியில் இருக்க வேண்டும், ஆசிரியர் வீட்டுப் பரணில் அல்ல. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக, பிறர் பார்வையில் படாத இடத்தில் இருக்கக்கூடாது. முகாமில் பெரியவர்கள் வேறு கூடாரத்தில்தான் தூங்க வேண்டும். பெற்றோரின் எழுத்து அனுமதியில் ஒவ்வாமை, வழக்கமான மருந்து, இரண்டு தொலைபேசி எண்கள் கட்டாயம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முகாம் நாட்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

தலைமை ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையை, அது கடைசிப் பாடவேளையாக இருந்தாலும் சரி, கால அட்டவணையில் அச்சிட்டுத் தர வேண்டும். மற்ற எந்தச் சலுகையும் இல்லாமல் இது ஒன்று கிடைத்தாலே படை நடக்கும். அட்டவணையில் இல்லாத வேளை நவம்பரில் கணக்குச் சிறப்பு வகுப்பாகிவிடுவதை எல்லாரும் அறிவோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. விருது பெற்றவர்கள் வரிசையாக நிற்கும் படத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள், நன்றி. அடுத்த முறை அந்தப் படத்தின் அடியில், அவர்கள் மொத்தம் எத்தனை இரவு கூடாரத்தில் தூங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் இப்போது தம்மைவிடச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சாரண, சாரணிய ஆசிரியர்கள் சிலர்,
நாகர்கோவில் – தக்கலை வட்டாரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.